அம்மம்மாவின் அக்கா குடும்பத்தைத் தேடுகிறோம் (இலங்கை, அம்பாறை மாவட்டம், திருக்கோவில், தம்பிலுவில் பக்கம்)

வணக்கம் உறவுகளே. நாங்கள் மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடி. அம்மம்மா காலமான பிறகு அவவின் தகரப்பெட்டியைத் திறந்தபோது ஒரே மாதிரிச் சேலை கட்டிய இரண்டு பெண்களின் படமும் ஒரு கடிதமும் இருந்தன. ஒருத்தி அம்மம்மா. மற்றவவை எங்கள் அம்மாவுக்கே தெரியாது!

கடிதம் “அன்புத் தங்கச்சிக்கு” என்று தொடங்குகிறது. 1978 நவம்பர் சூறாவளியில் கூரையும் தென்னைகளும் போய்விட்டதாம், கணவரின் ஊரான திருக்கோவிலுக்கே வந்துவிட்டார்களாம். சின்னவளுக்கு அப்போது பால்குடி வயதாம். அக்கா ஒருத்தி இருந்ததை அம்மம்மா ஏன் வாய் திறந்து சொல்லவில்லையோ, ஏதோ கோபதாபம் போல.

சித்திர வேலாயுதர் கோயில் பக்கம் விசாரித்தோம், பிடிபடவில்லை. சுனாமிக்குப் பிறகு கடற்கரைச் சனம் பலர் இடம் மாறிவிட்டார்கள், அதனால் அக்கரைப்பற்று, காரைதீவு ஆட்களும் பாருங்கள்.

நம் பக்கம் குடி (குலப் பிரிவு) தாய்வழிதானே, ஆகவே அந்த அக்காவின் பெண் பிள்ளைகள் வழி வந்தவர்களுக்கும் எங்கள் குடியேதான். பெயர்களையும் குடியையும் வேண்டுமென்றே இங்கே போடவில்லை. களுவாஞ்சிகுடியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஆச்சி உங்கள் வீட்டில் இருந்திருந்தால், அவவின் பெயரையும் குடியையும் உள்பெட்டியில் எழுதுங்கள். பொருந்தினால் படத்தை அனுப்புகிறேன்.