புதுப்பிப்பு: அந்தத் தாம்பரம் வீட்டை வாங்கவில்லை

தாம்பரம் பக்கம் ஒரு பழைய வீட்டை 62 லட்சத்துக்கு வாங்கி, சீர்செய்து 80க்கு விற்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

முத்திரைத்தீர்வை, பதிவுக் கட்டணம் இரண்டும் சேர்த்து 9 சதவீதம், அதுவே 5.58 லட்சம். மராமத்து 8 லட்சம். வாங்க, விற்கத் தரகு 1.42 லட்சம். மிஞ்சுவது 3 லட்சம்தான். 24 மாதத்துக்குள் விற்றால் அதற்கும் என் வருமான வரி ஸ்லாப் (என் வருமானத்துக்கான வரி விகிதம்) படி வரி.

அப்புறம் மேஸ்திரியைக் கூட்டிப்போனேன். சமையலறைக் கூரையைச் சுத்தியலால் லேசாகத் தட்டினார். பூச்சு பொலபொலவென்று கொட்டியது. உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பியிருந்தது. "எட்டு லட்சத்துல முடியாதுங்க" என்றார். வீட்டுக்காரரோ 60க்குக் கீழே இறங்கவே இல்லை.

நல்லவேளை, முன்பணம் கொடுக்கவில்லை. பின்னால் இருந்த வேப்பமரம் மட்டும் இன்னும் மனதில் நிற்கிறது.