நான்காம் தெருக் குழுவில் ஒரு ஞாயிறு மாலை: நிஷாந்தின் விண்கப்பலும் கள்ளியங்காட்டு நீலியும்

குழு: பார்வதிபுரம் நான்காம் தெரு
குழு விளக்கம்: ஞாயிறு மாலைகளில் குரல்பதிவு அனுப்ப வேண்டாம். எழுதுவதை முழு வாக்கியமாக, தமிழ் எழுத்தில் எழுதுக. – தங்கசாமி

நிஷாந்த், மாலை 6:04
அனைவருக்கும் வணக்கம். கல்லூரி விழாவுக்காக நானும் நண்பர்கள் மூவரும் ஐந்து மாதங்களாக ஒரு கணினி விளையாட்டை உருவாக்கி வருகிறோம். ஆளில்லாமல் மிதக்கும் ஒரு விண்கப்பலுக்குள் ஒரு பெண் பொறியாளர் தனியாகச் செல்கிறார். உள்ளே அவரைத் தவிர வேறொன்றும் இருக்கிறது. நேற்று அதை ஆடிப் பார்த்த மூத்த மாணவர் ஒருவர், இது 1979இல் வந்த 'ஏலியன்' திரைப்படத்திலிருந்து திருடியது என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். அந்தப் படத்தை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன் என்பதால் மறுத்துப் பேச வாய் வரவில்லை. இது திருட்டுதானா?

செல்வம் மாமா, மாலை 6:11
மக்களே, அப்படிப் பார்த்தால் இந்தத் தொழிலின் மூதாதையரையே கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கும். 1962இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், பி.டி.பி-1 என்னும் கணினியில், ஸ்டீவ் ரசல் தம் நண்பர்களோடு சேர்ந்து 'ஸ்பேஸ்வார்' என்ற விளையாட்டை எழுதினார். ஈ. ஈ. ஸ்மித்தின் விண்வெளிச் சாகச நாவல்களில் ஊறியவர்கள் அவர்கள். அந்தக் கப்பற்போரைத் திரையில் நடத்திப் பார்க்கும் ஆசையில் பிறந்ததுதான் அந்த விளையாட்டு. ஆனால் நடுவில் ஒரு விண்மீனை வைத்து, அதன் ஈர்ப்பு இரண்டு கப்பல்களையும் இழுக்கும்படி செய்தார்கள். மகேந்திரகிரியில் ராக்கெட் இயந்திரச் சோதனையிலேயே வேலைக்காலத்தைக் கழித்த எனக்கு, அந்த விண்மீனை ஒட்டி வளைத்துத் தப்பிக்கும் ஆட்டம்தான் இன்றும் பிடித்திருக்கிறது. நாவலில் ஈர்ப்பு ஒரு சொல். ஆடுகிறவனுக்கு அது கையில் தெரிகிற இழுப்பு.

தங்கசாமி சார், மாலை 6:15
செல்வம், நீங்கள் சொல்வது வாங்கிய கடனை வட்டியோடு திருப்பியவர்களின் கதை. எல்லோரும் அப்படித் திருப்புவதில்லை. என் பேரன் ஆடும் விளையாட்டுகளை அவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கிறேன். எதைத் திறந்தாலும் இருண்ட நடைபாதை, மின்னி மின்னி அணையும் விளக்கு, கவசம் பூட்டிய படைவீரர், சுவரில் வழியும் பிசின். ஒரே வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான்களைப் புதிதாக வரும் ஒவ்வொரு வாடகைக்காரரும் இடம் மாற்றி அடுக்கியது போல இருக்கிறது.

ஜோஸ் அண்ணன், மாலை 6:23
சார், அந்தச் சாமான்கள் எந்த வீட்டிலிருந்து வந்தன என்பதைச் சொல்லிவிடலாம். பாதிக்கு மேல், நிஷாந்த் குறிப்பிட்ட 'ஏலியன்' படத்திலிருந்தும் 1986இல் வந்த அதன் இரண்டாம் பாகமான 'ஏலியன்ஸ்' படத்திலிருந்தும் வந்தவை. ஜப்பானிய நிறுவனமான நிண்டெண்டோவின் 'மெட்ராய்டு' விளையாட்டு 1986இல் வெளியானது. அதில் வரும் பகைவன் ஒருவனுக்கு 'ஏலியன்' இயக்குநர் ரிட்லி ஸ்காட்டின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். தனியாகப் போராடும் கவச வீரர் ஒரு பெண் என்பதை ஆட்டத்தின் முடிவில்தான் காட்டுகிறார்கள். 1993இல் 'டூம்' செய்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், 'ஏலியன்ஸ்' படத்துக்கு உரிமை வாங்கியே விளையாட்டுச் செய்யலாமா என்று எண்ணினார்கள். பிறகு சொந்தக் கற்பனைக்குத் தடையாகிவிடும் என்று அதைக் கைவிட்டு, அயற்கோள் உயிரிகளின் இடத்தில் நரகத்துப் பேய்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். கடன் வாங்கக் கிளம்பியவர்கள் பாதி வழியில் திரும்பியதால்தான் அந்த விளையாட்டுக்குத் தனி முகம் கிடைத்தது என்பது என் எண்ணம்.

நிஷாந்த், மாலை 6:25
ஜோஸ் அண்ணா, அப்படியானால் எங்கள் பொறியாளர் பெண்ணாக இருப்பதுகூட நாற்பது ஆண்டுப் பழைய கடனா?

ரஹீமா அக்கா, மாலை 6:31
தம்பி, சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள். பிறகு மனச்சாட்சியைக் கேட்கலாம். 1978இல் உச்ச நீதிமன்றம் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் ஒரு தீர்ப்பு வழங்கியது. தம்முடைய நாடகத்தைப் பார்த்துத் திரைப்படம் எடுத்துவிட்டார்கள் என்று ஒருவர் தொடுத்த வழக்கு அது. எண்ணத்துக்கும் கருப்பொருளுக்கும் பதிப்புரிமை கிடையாது, அவற்றை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு என்றது நீதிமன்றம். இரண்டையும் பார்த்த ஒரு சாதாரண மனிதருக்கு, இது அதன் நகல்தான் என்று ஐயமின்றித் தோன்றுகிறதா என்பதையே அளவுகோலாக வைத்தது. கைவிடப்பட்ட கப்பல் என்பது எவருக்கும் சொந்தமில்லை. அந்தக் கப்பலின் வரைபடத்தையும், அந்த உயிரியின் தலை வடிவத்தையும், காட்சிகள் வரும் வரிசையையும் அப்படியே எடுத்திருந்தால் உன்னை என்னாலும் காப்பாற்ற முடியாது.

நிஷாந்த், மாலை 6:33
வரைபடம் எங்களுடையது அக்கா. உயிரியின் தலை... கொஞ்சம் நீளமாக இருக்கிறது.

ரஹீமா அக்கா, மாலை 6:33
இன்றிரவே குறைத்துவிடு.

ஸ்டெல்லா அக்கா, மாலை 6:38
எனக்கு விளையாடத் தெரியாது. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2023இல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' தொடரை நானும் மகளும் சேர்ந்து பார்த்தோம். பூஞ்சை மனிதரைப் பிடித்து ஆட்டுவிக்கும் கதை. அது 2013இல் வந்த விளையாட்டு என்றும், விளையாட்டில் பூஞ்சைத் தூள் காற்றில் பறப்பதால் எல்லோரும் முகமூடி போட்டிருப்பார்கள் என்றும் மகள் சொன்னாள். தொடரின் முதல் பருவத்தில் அந்தத் தூள் இல்லை. பூஞ்சை இழை இழையாக மண்ணுக்கடியில் படர்ந்திருக்கிறது. முகமூடி போட்டால் நடிகரின் முகம் மறைந்துவிடும் என்பதால் மாற்றினார்களாம். எனக்கு அது மிகவும் சரியாகப் பட்டது. முகத்தைப் பார்க்காமல் நான் யாருக்காக அழுவது?

ஜோஸ் அண்ணன், மாலை 6:47
ஸ்டெல்லா அக்கா, நான் சுற்றி வளைத்துச் சொல்ல வந்ததை நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள். அந்த விளையாட்டே பி.பி.சி.யின் 'பிளானட் எர்த்' ஆவணத் தொடரில், எறும்பைப் பிடிக்கும் பூஞ்சையைக் காட்டிய பகுதியைப் பார்த்ததில் தோன்றியது. தொலைக்காட்சியிலிருந்து விளையாட்டுக்குப் போய், மறுபடியும் தொலைக்காட்சிக்கே வந்திருக்கிறது. வழியில் ஒவ்வோர் இடத்திலும் ஏதோ ஒன்றைக் கழற்றி வைத்திருக்கிறது. எனக்குத் தெரிந்தவற்றில் இன்னும் விசித்திரமான பயணம் 'தி எக்ஸ்பான்ஸ்' என்னும் விண்வெளிக் கதை செய்தது. டை ஃபிராங்க் என்பவர் முதலில் அதை இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டுக்கான உலகமாகத்தான் வகுத்தார். அந்த விளையாட்டு உருவாகவில்லை. பிறகு நண்பர்களோடு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஆட்டமாக அதை நடத்தினார். அங்கே வந்து ஆடிய டேனியல் ஆபிரகாம், இதை நாவலாக எழுதலாம் என்றார். இருவரும் ஒரே புனைபெயரில் எழுதிய முதல் நாவல் 2011இல் வந்தது. 2015இல் தொலைக்காட்சித் தொடரானது. 2023இல்தான் அந்தத் தொடரை ஒட்டி ஒரு கணினி விளையாட்டு வெளிவந்தது. அந்தத் தொடரில் கப்பல் வேகமெடுத்தால் உடலில் எடை ஏறும், இயந்திரத்தை நிறுத்தினால் மிதக்கத் தொடங்குவார்கள். பெரும்பாலும் அந்தக் கணக்கு மாறுவதில்லை. மேசையில் எதிரே உட்கார்ந்து 'அது எப்படி முடியும்?' என்று கேட்கும் நண்பர்கள் இருந்ததன் விளைவாகத்தான் அதை நான் பார்க்கிறேன்.

இத்தனையும் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. தொடக்கத்தில் விளையாட்டுகள் படங்களிடமிருந்து உருவத்தை வாங்கின: கப்பல், கவசம், உயிரி, சார் சொன்ன பிசின். இப்போது படங்களும் தொடர்களும் விளையாட்டுகளிடமிருந்து விதிகளை வாங்குகின்றன. உருவத்தைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம், அதனால் உடனே திருட்டு என்கிறோம். விதியைக் கடன் வாங்கினால் ஒருவரும் கவனிப்பதில்லை.

ரஹீமா அக்கா, மாலை 6:52
ஜோஸ், இந்த வாதத்தில் ஓட்டை இருக்கிறது. செத்துச் செத்துப் பிழைத்து அதே நாளைத் திரும்ப வாழும் கதைகளை நீங்கள் விளையாட்டின் கொடை என்பீர்கள். 2021இல் வந்த 'மாநாடு' படத்தின் நாயகன் அப்படித்தான் ஒவ்வொரு முறையும் இறந்து மறுபடி தொடங்குகிறான். ஆனால் ஒரே நாள் திரும்பத் திரும்ப வரும் கதைகள் கணினிக்கு முன்பே உண்டு.

ஜோஸ் அண்ணன், மாலை 6:58
உண்மைதான், அந்தப் பாதியை ஒப்புக்கொள்கிறேன். நாள் திரும்புவது பழையது. ஆனால் இறப்பைத் தண்டனையாகப் பார்க்காமல் பயிற்சியாகப் பார்ப்பது, போன முறை எந்த மூலையிலிருந்து சுட்டார்கள் என்பதை நினைவில் வைத்து இந்த முறை அங்கே முன்கூட்டியே திரும்பி நிற்பது, இது ஆடுபவரின் பழக்கம். 2014இல் வந்த 'எட்ஜ் ஆஃப் டுமாரோ' படத்துக்கு மூலமான ஜப்பானிய நாவலை எழுதியவரே, விளையாட்டை ஆடிய அனுபவத்திலிருந்து அந்தக் கதை வந்தது என்று சொல்லியிருக்கிறார்.

என் வேலையோடு தொடர்புடைய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2019இல் 'தி மாண்டலோரியன்' தொடருக்கு, நடிகரைச் சுற்றி முக்கால் வட்டமாக ஏறத்தாழ 20 அடி உயர எல்.இ.டி. சுவரை எழுப்பி, பாலைவனத்தையும் பனிமலையையும் அதிலேயே ஓடவிட்டார்கள். ஒளிப்பதிவுக் கருவி நகர்ந்தால் சுவரில் உள்ள மலையும் அதற்கேற்ப நகர்கிறது. அதை இயக்கியது 'அன்ரியல்' என்னும் விளையாட்டு இயந்திரம். ஆடுபவர் தலையைத் திருப்பும்போது உலகத்தை அந்த நொடியே வரைந்து காட்டுவதற்காக எழுதிய மென்பொருள் அது. சென்னையில் எங்களிடம் வேலைக்கு வரும் பிள்ளைகள் இப்போது அதைத்தான் முதலில் கற்றுக்கொண்டு வருகிறார்கள்.

தங்கசாமி சார், மாலை 7:06
திரைக்குப் பின்னால் விளக்கை வைத்துத் தோல்பாவையை ஆட்டியவர்கள் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். அவர்கள் பாவையைத் திரைக்குப் பின்னால் வைத்தார்கள். நீங்கள் ஆளைத் திரைக்கு முன்னால் நிறுத்துகிறீர்கள். அவ்வளவுதான் வித்தியாசம் என்று எழுதினால் ஜோஸ் கோபித்துக்கொள்வார், ஆகவே எழுதவில்லை.

நிஷாந்த், நான் சற்றுமுன் சலித்துக்கொண்டதைத் திருத்திக்கொள்கிறேன். நம் தெருவின் தெற்கு முனையிலிருந்து சைக்கிளில் போகிற தொலைவில் இருக்கிறது கள்ளியங்காடு. அங்கே வழிப்போக்கரை மறித்த நீலியின் கதையை இசக்கி கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டில் கேட்டிருக்கிறேன், பாட்டி வாயால் கேட்டிருக்கிறேன். 2025இல் மலையாளத்தில் 'லோகா' என்ற படத்தில் அவளைச் சாகச நாயகியாக்கி நகரத்துக்கு அனுப்பிவிட்டதாகவும் அறிகிறேன். வில்லுப்பாட்டில் குடத்தின் அடி வேகமெடுக்கும்போது நீலி நெருங்கி வருகிறாள் என்று நமக்குத் தெரிந்துவிடும். பாட்டி சொல்லும்போது குடம் இல்லை. அவள் குரலைத் தாழ்த்துவாள். கதை ஒன்றுதான், ஆனால் அச்சம் எங்கிருந்து வர வேண்டும் என்பதை ஒவ்வொருவரும் தம்மிடம் உள்ள கருவியைக் கொண்டு முடிவு செய்தார்கள். உன் விளையாட்டில் அச்சம் எங்கிருந்து வருகிறது? படத்தில் வந்த அதே இடத்திலிருந்தா?

செல்வம் மாமா, மாலை 7:10
சார் கேட்டதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 1978இல் ஜப்பானில் நிஷிகாடோ செய்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டில் வரும் உயிரிகள், எச். ஜி. வெல்ஸின் நாவலில் வரும் எண்காலி போன்ற செவ்வாய்க்காரர்களை நினைத்து வரைந்தவை. அது கடன். ஆனால் அவற்றைச் சுடச் சுட, வரைய வேண்டியவை குறைந்து கணினியின் சுமையும் குறைந்ததால், எஞ்சியவை தாமாகவே வேகமெடுத்தன. அந்தக் குறையைத் திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டார். கடைசி ஒன்று பாய்ந்து வரும்போது வயிற்றில் ஏற்படும் கலக்கம் வெல்ஸிடமிருந்து வந்ததன்று, கணினியிடமிருந்து வந்தது. அதுவும் சார் சொன்ன குடத்தின் அடிதான்.

நிஷாந்த், மாலை 7:24
சார், உண்மையைச் சொன்னால் அச்சம் படத்தில் வந்த அதே இடத்திலிருந்துதான் வருகிறது: மேலேயுள்ள காற்றுக் குழாயிலிருந்து. நீங்கள் கேட்ட பிறகு நண்பர்களை அழைத்துப் பேசினேன். என் ஆச்சி சொல்வாள், காட்டுவழியில் நீலி வந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள், கையால் கொடுத்தால் கையைப் பிடித்துவிடுவாள், இரும்புக் கத்தியின் நுனியில் வைத்துத்தான் நீட்ட வேண்டும் என்று. எங்கள் கப்பலில் பூட்டிய கதவுகளுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல், கொஞ்சம் ஆக்சிஜன் தருவாயா என்று கேட்கும்படி வைக்கப் போகிறோம். ஆடுபவரிடம் இருப்பதோ அளவான ஆக்சிஜன். கேட்பவர் தப்பிப் பிழைத்த பணியாளராகவும் இருக்கலாம், மற்றதாகவும் இருக்கலாம். கொடுக்காமல் போனாலும் அந்தக் குரல் அடுத்த கதவில் மறுபடி கேட்கும். திரைப்படத்தில் கொடுப்பதா வேண்டாமா என்பதை நாயகி முடிவு செய்வாள். இதில் ஆடுபவர் விரலை வைத்துக்கொண்டு தவிக்க வேண்டும்.

ஜோஸ் அண்ணன், மாலை 7:26
காற்றுக் குழாயை எடுத்துவிடு. இது போதும்.

ரஹீமா அக்கா, மாலை 7:27
தலையைக் குறைத்தாயிற்றா?

நிஷாந்த், மாலை 7:29
தலையையே எடுத்துவிட்டோம் அக்கா. இனி குரல் மட்டும்தான்.

ஸ்டெல்லா அக்கா, மாலை 7:33
அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டுத் திண்ணைக்குக் கணினியைக் கொண்டு வா. முதலில் நான் ஆடிப் பார்க்கிறேன். எந்தப் பொத்தான் எதற்கு என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்து வா. இந்தக் குழுவில் போட்டால் நல்ல காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் தொலைந்துவிடும்.