தூரத்திலிருந்து சேர்ந்து பாடுதல், வாசித்தல்: உங்கள் அனுபவம் என்ன?

கோவை வயலின்:

இணையவழியில் சேர்ந்து வாசிக்க முடியுமா என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் ‘முடியாது’ என்ற பதிலே கிடைக்கிறது. என் அனுபவத்தில் அது பாதிதான் சரி. முடிவதும் முடியாததும் எதை வாசிக்கிறோம் என்பதைப் பொறுத்தவை. நான் கோவையில் இருக்கிறேன். நான் பக்கவாத்தியம் வாசிக்கும் பாடகி சென்னையில் இருக்கிறார். 2020-இல் சபாக்கள் மூடிக்கிடந்தபோது தொடங்கிய எங்கள் வாராந்திரப் பயிற்சி, சபாக்கள் திறந்த பிறகும் நின்றுவிடவில்லை.

முதலில், அலுவலகக் கூட்டங்களுக்குப் பயன்படும் ஒரு காணொளிச் செயலியில்தான் ஆரம்பித்தோம். அவர் சுருதிப்பெட்டியை ஒலிக்கவிட்டுப் பாட உட்காருவார். முதல் சில விநாடிகள் தம்புரா நாதம் கேட்கும், பிறகு மெல்லக் கரைந்து காணாமல் போய்விடும். அவர் மூச்சுவிட நிறுத்தினால் என் காதில் ஒரு சத்தமும் இருக்காது. பேச்சு தெளிவாகக் கேட்கவேண்டும் என்பதற்காக உருவான இத்தகைய செயலிகள், மாறாமல் தொடர்ந்து ஒலிக்கும் எதையும் மின்விசிறிச் சத்தம் என்றே எடுத்துக்கொண்டு நீக்கிவிடுகின்றன. போதாக்குறைக்கு, இருவரும் ஒரே நேரத்தில் ஒலியெழுப்பினால் எதிரொலியைத் தடுக்கும் ஏற்பாடு ஒருவரை அமுக்கிவிடும். அவர் ஆலாபனையை (தாளமின்றி ராகத்தை விரித்துப் பாடுவதை) தொடர்ந்து நான் வில் போட்டால் அவருடைய கமகத்தின் (ஸ்வரத்தை அசைக்கும் குழைவின்) வால்பகுதி எனக்கு வந்து சேராது. வயலின்காரனுக்கு அந்த வால்தானே முக்கியம்! ஒலியை வடிகட்டாமல் அப்படியே அனுப்புமாறு அமைப்பை மாற்றியதும் தம்புரா திரும்பி வந்தது. தாமதம் மட்டும் போகவில்லை.

தாமதம் என்பது இணையத்தோடு வந்த புதுச்சங்கதி அன்று. காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது, அதாவது ஒரு மில்லிவிநாடிக்கு ஓர் அடிக்குச் சற்று அதிகம். மேடையில் பாடகருக்கும் வயலினுக்கும் இடையே ஆறடி இருந்தால் 5 மில்லிவிநாடித் தாமதம் அங்கேயே உண்டு, அதை எவரும் உணர்வதில்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் சேஃபும் அவருடைய குழுவினரும், தனித்தனி அறைகளில் இருவரை அமர்த்திச் சேர்ந்து கைதட்டச் சொல்லி ஆராய்ந்திருக்கிறார்கள். இடையிலுள்ள தாமதம் ஏறத்தாழ 10 மில்லிவிநாடிக்குக் கீழே இருந்தபோது தட்டியவர்கள் தம்மையறியாமல் வேகம் கூட்டினார்கள்; 20-க்கு மேலே போனபோது வேகம் இறங்கியது. இணையவழியில் குறைந்த தாமதத்தோடு ஒலியை அனுப்பும் ஜாக்ட்ரிப் என்ற மென்பொருளும் அவர்கள் தந்ததுதான். சேர்ந்து வாசிக்க 25 மில்லிவிநாடியை எல்லையாகப் பலரும் சொல்வார்கள்.

சென்னைக்கும் கோவைக்கும் 500 கிலோமீட்டர்; கண்ணாடியிழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் போவதால் இந்தத் தூரத்துக்கு 2.5 மில்லிவிநாடி போதும். ஆனால் எங்கள் இருவருக்கும் வெவ்வேறு இணைய நிறுவனங்கள் என்பதால், இருவரின் ஒலியும் மும்பை வரை போய்த்தான் கைமாறுகிறது. வைஃபையில் வந்தால் நேரம் சீராக இருப்பதில்லை. புளூடூத் ஹெட்ஃபோன் மாட்டினால் 100 மில்லிவிநாடிக்கு மேல் தனியாகக் கூடிவிடும். கம்பிவழி இணைப்பு, கம்பியுள்ள ஹெட்ஃபோன், ஒலியைச் சிறு சிறு கூறுகளாக வாங்கி அனுப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸ் கருவி, இணையத்தில் சேர்ந்து வாசிப்பதற்கான ஜாமுலஸ் மென்பொருள் என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்த பிறகு, நல்ல நாளில் 30 மில்லிவிநாடியை ஒட்டி வந்து நிற்கிறோம்.

அந்த 30-இல் ஆலாபனையும் விருத்தமும் (ராகத்தில் விரித்துப் பாடும் செய்யுள்) அருமையாக நடக்கின்றன. தாளம் இல்லை, வயலின் எப்படியும் பாட்டுக்கு ஒரு நூல் பின்னால் வருவதுதான் மரபு. சௌக்க காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், கீர்த்தனையும் தேறிவிடும். நடுத்தர வேகமான மத்யம காலத்துக்கு வந்தால்தான் தொல்லை. அவருடைய குரல் எனக்குத் தாமதமாக வருகிறது; நான் அதனோடு பொருந்தி வாசிப்பது அவருக்கு இன்னும் தாமதமாகப் போய்ச் சேர்கிறது; நான் இழுக்கிறேன் என்று நினைத்து அவர் எனக்காகக் கொஞ்சம் நிற்கிறார்; நான் அவருக்காக நிற்கிறேன். இப்படியே நாலைந்து ஆவர்த்தனத்தில் (தாளச் சுற்றில்) காலப்பிரமாணம் (பாட்டின் வேகம்) பாதாளத்துக்குப் போய்விடும். எங்களுக்குள் இப்போது ஓர் ஒப்பந்தம் இருக்கிறது: அவர் எனக்காக ஒருபோதும் காத்திருக்கக் கூடாது, நான் பிந்திக் கேட்டாலும் அவர் தம் கை போடும் தாளத்தையே நம்பிப் போய்க்கொண்டிருக்க வேண்டும். மேடையில் இதையே செய்தால் அகம்பாவம் பிடித்தவர் என்பார்கள்.

மற்றவர்கள், குறிப்பாக லயக்காரர்கள் (தாளவாத்தியம் வாசிப்பவர்கள்), எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

மயிலாப்பூர் மிருதங்கம்:

நான் சேர்ந்து வாசிப்பதில்லை, கற்றுக்கொடுக்கிறேன். ஆனாலும் சிக்கல் ஒன்றுதான். நியூ ஜெர்சியில் உள்ள ஒரு மாணவனுக்குச் சென்னையிலிருந்து பாடம் எடுக்கும்போது, ஒலி போய்த் திரும்பக் கால் விநாடி ஆகிறது. பதின்மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்தத் தூரத்தை என்ன செய்தாலும் குறைக்க முடியாது. ஆதி தாளத்தை அட்சரத்துக்கு (ஓர் எண்ணிக்கைக்கு) ஒரு விநாடி என்று வைத்து, அட்சரத்தை நான்கு மாத்திரையாகப் பிரிக்கும் சதுஸ்ர நடையில் வாசித்தால், கால் விநாடி என்பது சரியாக ஒரு மாத்திரை. நான் தாளம் போட, அவன் அதைக் கேட்டுச் சமத்தில் (தாளத்தின் தொடக்கத்தில்) எடுத்தால், எனக்கு அது கால் இடம் தள்ளி எடுத்ததாக விழுகிறது.

“தம்பி, இடம் தள்ளிப் போகுது பார்” என்பேன். “சார், இங்க கரெக்டாதான் இருக்கு” என்பான். இருவர் சொல்வதும் உண்மை. வகுப்பின் வாசலிலேயே இந்த வழக்கு நிற்கும் என்பதால், தாளம் போடும் பொறுப்பை முழுக்க அவன் கையில் கொடுத்துவிட்டேன். நான் சொற்கட்டை (வாசிக்கவேண்டிய அடிகளைக் குறிக்கும் சொற்களை) சொல்லி முடிக்கிறேன்; அவன் தன் தாளத்தை எண்ணி, அதற்கு வாசிக்கிறான்; அவன் கையும் தொப்பியும் (மிருதங்கத்தின் இடப்பக்கமும்) ஒரே படத்தில் தெரியுமாறு கேமராவை வைக்கச் சொல்லியிருக்கிறேன். அவன் தாளமும் அவன் வாசிப்பும் ஒரே இடத்திலிருந்து ஒரே தாமதத்தோடு வருகின்றன. ஆகவே அவற்றுக்குள் பிசகு இருந்தால் அது அவனுடைய பிசகுதான், கடலுக்கடியில் கிடக்கும் கேபிளுடையது அன்று. இது பிடிபட்ட நாள் முதல் “நெட் சார்” என்ற சாக்கு எடுபடுவதில்லை. தொப்பியின் கும்காரம் என்னும் ஆழ்ந்த ஒலி மட்டும் இன்றுவரை சரியாக வந்து சேரவில்லை. நாதத்தைத் திருத்துவதற்கு அவன் டிசம்பர் விடுமுறையில் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டியிருக்கிறது.

டொராண்டோ பண்ணிசை:

வணக்கம். எங்களுடைய குழுவில் யாழ்ப்பாணம், லண்டன், டொராண்டோ மூன்று இடத்து ஆட்களும் இருக்கிறோம். கோடையில் இங்கே சனிக்கிழமை காலை எட்டு மணியென்றால் ஊரில் பின்னேரம் ஐந்தரை. எல்லாருக்கும் ஒத்துவருகிற நேரம் அதொன்றுதான். தேவாரத்தை ஒருவர் ஒரு பாடலாக முறைவைத்துப் பாடுகிறோம், மற்றவர்கள் ஒலிவாங்கியை அணைத்துவிட்டுத் தங்கள் வீட்டில் கூடப் பாடுவார்கள். பண்ணோடு தாளமில்லாமல் பாடும்போது கோவை ஐயா சொன்னதுபோல ஒரு இடைஞ்சலும் இல்லை. முடிவில் எல்லாரும் ஒலிவாங்கியைத் திறந்து “திருச்சிற்றம்பலம்” சொல்லும்போதுதான் கூத்து: லண்டன் முதலில், யாழ்ப்பாணம் பிறகு, நடுவில் இரண்டு மூன்று பேருடைய அரைச் சொற்கள். சின்னப் பிள்ளைகள் அதற்காகவே காத்திருந்து சிரிப்பார்கள். ஒருவரே சொல்லட்டும் என்று ஒழுங்குபடுத்தப் பார்த்தோம், மூத்தவர்கள் சம்மதிக்கவில்லை.

நவராத்திரிக்கு வேறு முறையில் ஒரு காணொளி செய்தோம். ஒருவர் தாளத்தோடு வழிப்பாட்டைப் பதிவுசெய்து அனுப்ப, மற்றவர்கள் அதைக் காதில் மாட்டிக் கேட்டபடி தனித்தனியாகப் பாடிப் பதிந்து, தொடக்கத்தில் ஒரு கைதட்டலும் சேர்த்து அனுப்பினார்கள். கைதட்டல்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் குரல்கள் பொருந்திவிடும். கேட்க மிகச் சுத்தமாக இருந்தது. அதைச் சேர்ந்து பாடியது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒருவரும் மற்றவருடைய குரலுக்காகத் தன் குரலை அசைக்கவில்லையே.

கஞ்சிரா மாணவன்:

தாமதத்தைக் குறைக்க முடியாவிட்டால் முழுதாகக் கூட்டிவிடலாம் என்பது என் பரிந்துரை. 2005-இல் வெளிவந்த நின்ஜாம் என்ற மென்பொருள் இதைத்தான் செய்கிறது. அதில் வேகத்தையும் சுற்றுக்கு எத்தனை எண்ணிக்கை என்பதையும் முன்கூட்டியே குறித்துவிட வேண்டும். பிறகு ஒவ்வொருவரும் மற்றவர்கள் சென்ற சுற்றில் வாசித்ததைக் கேட்டுக்கொண்டே இந்தச் சுற்றை வாசிக்கலாம். மேலைநாட்டுக்காரர்கள் தம் பாட்டுகளுக்காகச் செய்தது. ஆனால் சுற்றுக்கு 8 என்று போட்டால் அது ஆதி தாளம், 7 என்று போட்டால் மிஸ்ர சாபு. மதுரையில் கடம் வாசிக்கும் நண்பரும் நானும் அதில் குறைப்பு (மாறி மாறி வாசித்து அளவைக் குறைத்துக்கொண்டே போவது) வாசிக்கிறோம். அவர் ஓர் ஆவர்த்தனம் வாசிக்கிறார். எனக்கு அது அடுத்த ஆவர்த்தனத்தில் கேட்கிறது. அதற்கடுத்த ஆவர்த்தனத்தில் நான் பதில் சொல்கிறேன். சமம் ஒருபோதும் நழுவுவதில்லை. ஒரு சங்கடம் உண்டு: கடைசியில் முடிப்பாகச் சேர்ந்து வாசிக்கும் கோர்வை அவருக்கு ஒரு முறையும் எனக்கு ஒரு முறையுமாக, வெவ்வேறு ஆவர்த்தனத்தில் முடியும். அதனால் கோர்வையை மட்டும் நேரில் பார்க்கும்போது வாசித்துக்கொள்கிறோம்.

கோவை வயலின்:

மிருதங்க ஆசிரியர் ஐயா, தாளத்தை மாணவனிடமே கொடுத்துவிடும் உங்கள் உபாயத்தை எங்கள் கல்பனாஸ்வரத்தில் (ஸ்வரங்களை அந்தந்த நேரத்துக் கற்பனையில் மாறி மாறி இசைப்பதில்) இந்த வாரம் வைத்துப் பார்த்தோம். பாடகி தம் முறையில் பாடி முடிக்கும்போது அவர் தாளத்தையே நான் கேட்டு எடுக்கிறேன். என் முறை வந்ததும் அவர் தம் கையை நிறுத்திவிட, நான் என் காலால் தட்டிக்கொள்கிறேன். கைமாறும் இடத்தில் ஒரு சிறு பள்ளம் இருக்கிறது, ஆனால் காலம் இறங்கவில்லை. கஞ்சிரா தம்பி, நின்ஜாமில் கீர்த்தனை பாடினால் ஒருவர் பல்லவியிலும் மற்றவர் அனுபல்லவியிலும் நிற்பார்களே? ஓர் ஆவர்த்தனத்துக்குள் அடங்கும் ஒரே வரியை எடுத்துக்கொண்டு நிரவல் (அந்த வரியை விதவிதமாக விரித்துப் பாடுவது) மட்டும் செய்து பார்க்கலாம் என்று பாடகி சொல்கிறார். சென்ற ஆவர்த்தனத்தில் அவர் பாடியதைக் கேட்டு நான் இந்த ஆவர்த்தனத்தில் வாசிப்பது நிரவலின் இயல்புக்கு ஒத்துத்தான் போகிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்களுக்கும் கடம் நண்பருக்கும் நேரம் இருந்தால் சொல்லுங்கள். வேகத்தை நிமிடத்துக்கு 60 என்றும் சுற்றை 8 என்றும் வைத்துக்கொள்வோம்.