வெள்ளத்தில் நின்ற பத்மினிக்கு ஜிப்சி இன்ஜின் போடலாமா?

பெண்ணையாற்றங்கரை (கடலூர்):

வணக்கம். அப்பாவின் கார் விஷயத்தில் ஒரு முடிவுக்கு வர முடியாமல் இங்கே கேட்கிறேன். 1976 மாடல் பிரீமியர் பத்மினி, ஹேண்ட் கியர் (ஸ்டீயரிங் பக்கத்தில் கியர் தண்டு). 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலை ஒட்டி தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது எங்கள் தெருவே மூழ்கியது. ஷெட்டில் நின்ற வண்டிக்கு பானெட் வரை தண்ணீர், இரண்டு நாள் அப்படியே நின்றது. வீட்டைச் சரிசெய்வதற்கே பணமும் நேரமும் போய்விட்டதால் ஒரு வருடத்துக்கு மேல் வண்டியைத் தொடவில்லை. போன வாரம்தான் பானெட்டைத் திறந்தேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால் உள்ளே வண்டல், சலித்த மாவு மாதிரி நைசாகப் படிந்து காய்ந்திருக்கிறது. மூன்றாவது பிளக்கின் நுனி முழுக்கத் துரு. ஃபேன் பெல்ட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், இம்மி அசையவில்லை.

இங்கே ஒரு மெக்கானிக், பழைய இன்ஜினைக் காயலான் கடையில் போட்டுவிட்டு மாருதி ஜிப்சி ஜீப்பின் 1300 சிசி இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்து வாங்கி இறக்கிவிடலாம், ஏசியும் போட்டுக்கொள்ளலாம், ஒன்றே முக்கால் லட்சம், ஒரு மாதத்தில் வண்டி கையில் என்கிறார். கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. மாதம் இரண்டு முறை அம்மாவைச் சிதம்பரம் அழைத்துப் போக வேண்டும், அதற்கு நம்பி எடுக்கிற மாதிரி வண்டி வேண்டும். ஆனால் அப்பா நாற்பது வருடம் ஓட்டிய இன்ஜினைத் தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை லேத்:

தம்பி, இன்ஜினைத் திறந்துகூடப் பார்க்காமல் காயலான் கடை என்று சொல்கிறவர் பேச்சை முதலில் ஒதுக்கி வையுங்கள். ஜாம் ஆகிவிட்டால் இன்ஜின் செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. பெரும்பாலும் பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். பேட்டரி வைத்து செல்ஃப் மட்டும் அடித்துவிடாதீர்கள், கயிறு கட்டி இழுக்கவும் வேண்டாம், பிஸ்டனைப் பிடித்திருக்கும் ராடு வளைந்துவிட்டால் அப்புறம் உண்மையிலேயே செலவுதான். சம்ப் (அடியில் இருக்கிற ஆயில் தொட்டி) போல்ட்டைக் கழற்றி உள்ளே இருக்கிற ஆயிலையும் தண்ணீரையும் வடித்துவிட்டு, நான்கு பிளக்கையும் எடுத்து, ஒவ்வொரு ஓட்டையிலும் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஒரு வாரம் ஊறவிடுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு டாப் கியரில் போட்டு, இரண்டு பேர் நின்று வண்டியை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். அவசரம் கூடாது.

அது 1089 சிசி, 68 மில்லி போர் (சிலிண்டர் விட்டம்), 75 மில்லி ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்). பிளாக் வார்ப்பு இரும்பு. சிலிண்டரில் துரு குழி விழுந்திருந்தால் ரீபோர் (சிலிண்டரைக் கொஞ்சம் பெரிதாகக் கடைவது), அதற்கும் அடங்காவிட்டால் ஸ்லீவ் (உள்ளே புதுக் குழாய்) இறக்கலாம், நாள்பட்ட லேத் வைத்திருக்கிற யாரும் செய்துகொடுப்பார்கள். எனக்குப் பயம் பிளாக்கின் மேல் மூடியான ஹெட்டில்தான், அது அலுமினியம், தண்ணீர் போகிற ஓட்டைகளைச் சுற்றி அரித்திருக்கும். திறந்ததும் அந்த இடத்தைப் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள்.

ஒரு கஷ்டத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்த வண்டி உற்பத்தி நின்று கால் நூற்றாண்டு ஆகிறது. பம்பாயில் இதுவே டாக்சியாக ஓடியதால் உதிரி பாகத்துக்குப் பஞ்சம் இல்லாமல் இருந்தது, 2023 அக்டோபரோடு அந்த டாக்சிகளும் ஓய்ந்துவிட்டன. பிஸ்டன் செட், பேரிங், கேஸ்கெட் எது கண்ணில் பட்டாலும் ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அரியாங்குப்பம் 1100:

நான் இதே வேலையைச் செய்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். பியட் (பத்மினியின் பழைய பெயர்) உடம்பு, ஜிப்சியின் எம்பிஎஃப்ஐ இன்ஜின் (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சுகிற ரகம்), ஐந்து கியர். ஓடும்போது அருமையாக இருக்கிறது, அதை மறைக்கவில்லை. கேப்பர் மலை ஏற்றத்தில் ஏசி போட்டுக்கொண்டு நான்காவது கியரிலேயே ஏறுகிறது, பழைய இன்ஜினில் அதை நினைத்தே பார்க்க முடியாது. ஆனால் ஒரு மாதம் என்றார்கள், பதினான்கு மாதம் ஆனது. சொன்ன தொகையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போனது.

இன்ஜினை உள்ளே உட்கார வைப்பது வேலையில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. முதலில் சம்ப் முன் கிராஸ் மெம்பரில் (குறுக்குச் சட்டம்) இடித்தது. சம்ப்பை வெட்டி வேறு வடிவத்தில் வெல்டு செய்து, உள்ளே ஆயில் உறிஞ்சும் குழாயையும் அதற்கேற்ப வளைத்தோம். கியர் தரையில் வருவதால் ஃப்ளோரை வெட்ட வேண்டும். பியட்டுக்கு லாரி மாதிரி தனி சேசிஸ் கிடையாது, உடம்புதான் சேசிஸ், வெட்டின இடத்தைத் தகடு வைத்துப் பலப்படுத்தாவிட்டால் கதவு சரியாக மூடாது. பின் வீலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற புரொப்பல்லர் ஷாஃப்ட் புதிதாகச் செய்து பேலன்ஸ் பார்க்க வேண்டும். ஜிப்சியில் ஸ்பீடாமீட்டர் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருவதில்லை, முன் வீலுக்கும் பின் வீலுக்கும் சக்தியைப் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வருகிறது. அந்த கேஸ் நமக்குத் தேவையில்லை என்று எடுத்துவிட்டால் மீட்டர் முள் எழும்பாது, அதற்குத் தனியாக ஒரு வழி செய்ய வேண்டியிருந்தது.

ஒயரிங் இன்னொரு கதை. எனக்கு விற்றவர் இன்ஜினையும் ஈசிஎம்மையும் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கொடுத்தார், சாவியையும் இம்மொபிலைசர் பெட்டியையும் (திருட்டுத் தடுப்பு) கொடுக்கவில்லை. மூன்றும் ஒரே வண்டியினுடையதாக இருந்தால்தான் ஸ்டார்ட் ஆகும் என்று எனக்கு அப்போது தெரியாது. அதிலேயே இரண்டு மாதம் போனது. இன்ஜெக்‌ஷனுக்கு அழுத்தத்தோடு பெட்ரோல் வேண்டும், எலக்ட்ரிக் பம்ப், ரிட்டர்ன் லைன், துரு இல்லாத டேங்க் எல்லாம் புதிதாகச் செய்தேன்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பிரேக். பத்மினிக்கு நான்கு வீலிலும் டிரம்தான், நாற்பது சொச்சம் குதிரை சக்திக்குச் செய்தது. ஜிப்சி இன்ஜின் 80 குதிரை. நான் முதல் நாள் பழைய பிரேக்கோடு ஈசிஆரில் எடுத்துப் போனேன். தவளக்குப்பம் அருகே ஒரு மாடு குறுக்கே வந்தது. பெடலின் மேல் ஏறி நிற்காத குறையாக மிதித்தும் ஒரு முழம் இடைவெளியில்தான் நின்றது. அன்று வண்டியை ஷெட்டில் விட்டவன், முன்னால் டிஸ்க்கும் பூஸ்டரும் போடும் வரை வெளியே எடுக்கவில்லை. உங்கள் மெக்கானிக் சொன்ன ஒன்றே முக்கால் லட்சத்தில் பிரேக் இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்காது.

வில்லியனூர் பழைய வண்டி:

காகித வேலையை யாரும் பேசவில்லையே. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது, ஆர்சியில் இருக்கிற விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று வந்துவிட்டது. அதே பத்மினி இன்ஜினை வேறு வண்டியிலிருந்து எடுத்துப் போட்டால் பில்லைக் காட்டி ஆர்டிஓ அனுமதியோடு ஆர்சியில் நம்பரை மாற்ற வழி உண்டு. வேறு கம்பெனி இன்ஜின், வேறு சிசி என்றால் அது வேறு விஷயம். நாளைக்கே ஒரு விபத்து என்றால் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் பார்ப்பது இன்ஜின் நம்பர். அம்மாவை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி, யோசியுங்கள்.

இன்னொன்று, உங்கள் வண்டிக்கு 50 வயது ஆகிறது. 2021ல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம், ஏற்கெனவே இருக்கிற நம்பரையும் வைத்துக்கொள்ளலாம். உடம்பும் இன்ஜினும் பெரிய மாற்றம் இல்லாமல் அசலாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஜிப்சி இன்ஜின் ஏறினால் அந்தக் கதவு மூடிவிடும். ஆனால் விண்டேஜ் பதிவு செய்த வண்டியைக் கண்காட்சி, ராலி மாதிரி விஷயங்களுக்குத்தான் எடுக்கலாம், சிதம்பரம் போய்வர முடியாது. அதனால் அவசரப்பட்டு அதற்கு மாற்றாதீர்கள், இப்போதைக்கு எஃப்சி எடுத்துச் சாதாரணப் பதிவிலேயே ஐந்து வருடம் புதுப்பித்துக்கொள்வதுதான் உங்களுக்குச் சரி.

பெண்ணையாற்றங்கரை (கடலூர்):

எல்லோருக்கும் நன்றி. லேத் அண்ணன் சொன்னபடி டீசல் ஊற்றி வைத்தேன். ஒன்பதாவது நாள் நானும் தம்பியும் வண்டியை ஆட்டிக்கொண்டே இருந்தோம், அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம், ஃபேன் ஒரு விரற்கடை நகர்ந்தது. அம்மா சமையல்கட்டிலிருந்து ஓடி வந்துவிட்டார். அரை மணி நேரத்தில் முழுச் சுற்று சுற்றியது.

நேற்று ஹெட்டை இறக்கினோம். மூன்றாவது சிலிண்டரில் மட்டும் நகத்தில் தட்டுப்படுகிற அளவுக்கு ஒரு வளையமாகக் குழி. மற்ற மூன்றும் பரவாயில்லை. ஹெட்டில் இரண்டு தண்ணீர் ஓட்டை ஓரம் அரித்திருக்கிறது, போட்டோ போட்டிருக்கிறேன். ஜிப்சி வேண்டாம் என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டேன். அண்ணா, ரீபோர் போதுமா, மூன்றாவதுக்கு மட்டும் ஸ்லீவ் போடலாமா?

முத்தியால்பேட்டை லேத்:

போட்டோ பார்த்தேன். ஹெட் தேறும், அரித்த இடத்தை ஆர்கான் வெல்டு வைத்து நிரப்பி, மட்டம் எடுத்து, பிரஷர் டெஸ்ட் போட்டுவிடலாம். போர் அளந்து பார்க்காமல் வாயால் சொல்ல மாட்டேன். பிளாக்கைக் கொண்டு வாருங்கள், நான்கையும் அளந்துவிட்டு, குழி ஓவர்சைஸில் போய்விடும் என்றால் நான்குக்கும் ஒரே சைஸ் ரீபோர், போகாது என்றால் மூன்றாவதுக்கு ஸ்லீவ். கிராங்க்கையும் கூடவே எடுத்து வாருங்கள், ஜர்னலில் (பேரிங் உட்காரும் இடம்) தண்ணீர்க் கோடு விழுந்திருக்கும். இப்போது வருகிற எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு, பெட்ரோல் பம்ப் டயாஃப்ரமும் ஹோஸும் அதைத் தாங்குகிற ரகமாகப் பார்த்து மாற்றிவிடுங்கள்.

அரியாங்குப்பம் 1100:

நல்ல முடிவு தம்பி. இன்ஜின் லேத்தில் இருக்கும்போதே நான்கு டிரம்மையும் கழற்றிவிடுங்கள். இரண்டு நாள் தண்ணீரில் நின்ற வீல் சிலிண்டர் ஒன்றுகூட நம்பிக்கைக்கு ஆகாது, மாஸ்டர் சிலிண்டரும் அப்படியே. என்னிடம் டிஸ்க் போட்டபோது கழற்றிய முன் பக்க டிரம் ஒரு ஜோடி சும்மா கிடக்கிறது, உதடு தேயாதது. ஞாயிற்றுக்கிழமை கடலூர் பக்கம் வருகிறேன், எடுத்து வரட்டுமா?