புதுப்பிப்பு: ஆங்கிலச் சொல் அட்டைகளில் ஒரு திருத்தம்

வேலூர்ப் பிள்ளைகளுக்காகப் போட்ட முந்தைய இழையில், நாளுக்கு 20 ஆங்கிலச் சொற்களை, அட்டையின் முன்புறம் சொல், பின்புறம் ஒற்றைத் தமிழ்ப் பொருள் என எழுதச் சொல்லியிருந்தேன். அதை மாற்றிக்கொள்ளுங்கள், 8 போதும்.

கெடுப்பது அந்த ஒற்றைப் பொருள்தான். மியூட்டினி, ரயட், ரிபெல்லியன் மூன்றுக்கும் 'கலகம்' என்றே எழுதிவிடுகிறோம். 1806 ஜூலையில் நம் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் தங்கள் அதிகாரிகளை எதிர்த்து எழுந்ததை ஆங்கிலேயர் மியூட்டினி என்றார்கள். படையாட்கள், கப்பலாட்கள் மேலதிகாரிக்குப் பணிய மறுப்பதற்கான சொல் அது. தெருவில் கூட்டம் கல்லெறிந்தால் ரயட். ஆட்சியையே எதிர்த்தால் ரிபெல்லியன். (1806-இல் நடந்தது நமக்குப் புரட்சிதான். சொல்லைத் தேர்வதிலேயே பக்கம் தெரிந்துவிடும்.)

ஆகவே அட்டையின் பின்புறம் 'யார், யாரை எதிர்த்து' என்பது விளங்கும்படி ஒரு முழு வாக்கியம் எழுதுங்கள். 1, 3, 7, 21-ஆம் நாட்களில் மறைத்துவைத்துச் சொல்லிப் பாருங்கள். தவறினால் அந்த அட்டை மறுபடி 1-ஆம் நாளுக்குப் போகட்டும்.