தங்கச்சிமடம் – புனே: வாடகை லாரியை நாமே ஓட்டிப் போக முடியுமா?

கடலோரவாசி:
ஜூன் மூன்றாவது வாரம், ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்தில் இருக்கிற வீட்டைக் காலி செய்துகொண்டு குடும்பத்தோடு புனேவுக்கு மாறுகிறோம். இரண்டு இரும்பு பீரோ, கழற்ற வராத தேக்குக் கட்டில், பிரிட்ஜ், முன்பக்கம் திறக்கிற வாஷிங் மெஷின், கிரைண்டர், தையல் மெஷின், ஸ்கூட்டர், முப்பத்தைந்து அட்டைப்பெட்டி. இவ்வளவுதான் சாமான். என்னிடம் கார் லைசென்ஸ் (எல்.எம்.வி.) இருக்கிறது. கார் வாடகைக்குக் கிடைக்கிற மாதிரி லாரியும் எடுத்து நானே ஓட்டிப் போகலாமா? எத்தனை அடி வண்டி வேண்டும்? வீடு மெயின் ரோட்டிலிருந்து 300 மீட்டர் உள்ளே, மணல் பாதை. மனைவி, பிள்ளைகளை லாரியிலேயே கூட்டிப் போகலாமா?

நாலுவழிச்சாலை:
லைசென்ஸைப் பொறுத்தவரை முடியும். எல்.எம்.வி. லைசென்ஸ் வைத்திருப்பவர் மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கிற சரக்கு வண்டியை ஓட்டலாம், தனி முத்திரை வேண்டாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. 7,500 என்பது வண்டியும் சரக்கும் சேர்ந்த எடை. ஆர்.சி.யில் (பதிவுச் சான்று) ஜி.வி.டபிள்யூ. என்று இருக்கும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். 14 அடி வண்டிகளிலேயே சில இதற்கு உள்ளே வரும், சில வெளியே போகும். சரக்கு ஏற்றும் பெட்டியின் நீளத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

சிக்கல் வண்டி கிடைப்பதில்தான். கறுப்பு நம்பர் போர்டோடு வரும் செல்ஃப் டிரைவ் (வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டுவது) என்பது கார்களோடு நின்றுவிடுகிறது. லாரி என்றால் மஞ்சள் போர்டு, அதோடு டிரைவரும் வருவார். தெரிந்தவர் வண்டியை வாங்கி நீங்களே ஓட்டுவதாக இருந்தால் எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், பெர்மிட், வரி, புகைச் சான்று ஐந்தும் நடப்பில் இருக்க வேண்டும். எட்டு வயது தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. வருடா வருடம் எடுக்க வேண்டும். அது விட்டுப்போயிருந்தால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ்காரர் முதலில் பிடிப்பது அதைத்தான். மொத்த எடை 3,000 கிலோ தாண்டினால் பெர்மிட் கட்டாயம். நேஷனல் பெர்மிட் இல்லாத வண்டி கர்நாடகா, மகாராஷ்டிரா இரண்டுக்கும் தற்காலிக பெர்மிட்டும் வரியும் கட்டியாக வேண்டும்.

என் கருத்து: டிரைவரோடு எடுங்கள். 1,450 கி.மீ. லோடு வண்டி ஓட்டிப் பழகுவதற்கான இடம் இல்லை. சரக்குக்கு உரியவர் என்ற முறையில் நீங்கள் கேபினில் உட்காரலாம், அதுவும் ஆர்.சி.யில் எழுதியிருக்கிற சீட் எண்ணிக்கைக்குள். பிள்ளைகளை ரயிலில் அனுப்பிவிடுங்கள். சாமான் மேல் ஆள் ஏற்றுவது கூடவே கூடாது.

பாரவண்டி:
தம்பி, உங்க சாமான் எடை ரெண்டு டன் தாண்டாது, ஆனா இடம் அடைக்கும். டாடா 407ல ஏத்தினா ஸ்கூட்டர் வெளிய நிக்கும். 14 அடி ஐஷர் சரியா இருக்கும். 17 அடி வீண் காசு.

வாடகை பேசும்போது முதல்ல கேக்க வேண்டியது, ரிட்டன் லோடு இருக்கா இல்லையான்னு. 14 அடி வண்டி லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் குடுக்கும்னு வச்சாலும் ஒரு வழிக்கு 180 லிட்டர் டீசல். காலியா திரும்பினா அந்த 180ம் உங்க தலையிலதான் விழும். மகாராஷ்டிரா பக்கம் இருந்து மதுரைக்கு வெங்காய லோடு வருது, இறக்கிட்டுத் திரும்புற எம்.ஹெச். (மகாராஷ்டிரா) வண்டியில பார்ட் லோடா, அதாவது மத்தவங்க சரக்கோட சேர்த்துப் போட்டா வாடகை குறையும். ஆனா அது பத்து டயரு, பன்னெண்டு டயரு வண்டி. தங்கச்சிமடம் வராது. மதுரை வரைக்கும் சின்ன வண்டியில கொண்டுபோயி மாத்தி ஏத்தணும். ரெண்டு தடவை ஏத்தி இறக்கினா கட்டில் தாங்கும், பிரிட்ஜும் பீரோ கண்ணாடியும் தாங்காது.

நம்ம பக்கத்து வண்டின்னா முந்தின லோடு என்னன்னு கேளுங்க. கரி மூட்டை ஏத்தின வண்டில பலகை இடுக்குல தூள் நிக்கும், மெத்தை கறுத்துப்போகும். கருவாடு ஏத்தினதுன்னா துணிமணி எல்லாம் வாடை பிடிச்சிரும். மீன் லோடு அடிச்ச வண்டி இன்னும் மோசம். ஐஸ் தண்ணியில உப்பு கலந்து ஒழுகி பிரேக் பைப்பு, யு போல்ட்டு எல்லாம் அரிச்சிருக்கும். டார்ச் அடிச்சு அடியில பாருங்க. பைப்புல துரு செதில் செதிலா உரிஞ்சா அந்த வண்டி வேணாம். நல்ல தண்ணி ஊத்திக் கழுவி ஒரு நாள் வெயில்ல காயவச்சு, தரையில பழைய தார்ப்பாய் விரிச்சப்புறம்தான் சாமான் ஏறணும்.

மணல் பாதைக்குள்ள லோடு வண்டிய விடவே விடாதீங்க. காலி வண்டி உள்ள போயிரும், ஏத்தினப்புறம் பின்னாடி ரெட்டை டயரு சுத்திக் குழி பறிச்சிரும். ஆக்ஸிலேட்டர மிதிக்க மிதிக்க இறங்கும். லாரிய ரோட்டுல நிறுத்திட்டு சின்ன யானையில (டாடா ஏஸ்) மூணு நடை அடிங்க. அதுவும் பதிஞ்சா டயருக்கு முன்னாடி மணலை வழிச்சுட்டுத் தென்ன மட்டையோ பலகையோ குடுத்து மெதுவா எடுக்கணும்.

ஏத்துற வரிசை: கேபின் ஓரமா பீரோ ரெண்டும் நிமிர்ந்தபடி, உள்ள காலியா. அடுத்து பிரிட்ஜ், வாஷிங் மெஷின். கிரைண்டர் கல்லைத் தனியா எடுத்து சாக்குல சுத்தி தரையிலயே வச்சிருங்க, மேல வைக்காதீங்க. கட்டிலை ஒருக்களிச்சு பக்கப் பலகையோட கட்டி, மெத்தையை அதுக்கும் பீரோவுக்கும் நடுவுல சொருகணும். அட்டைப்பெட்டி கடைசி. ஸ்கூட்டர் பின்கதவு ஓரமா, பெட்ரோல் வடிச்சு, ரெண்டு பக்கமும் பெல்ட் போட்டு.

வாஷிங் மெஷினுக்குப் பின்பக்கம் போடுற டிரான்சிட் போல்ட்டு இருக்கா? வாங்கும்போது கழட்டி வீட்டுல எங்கயாவது போட்டிருப்பீங்க. தேடுங்க, இல்லைன்னா சர்வீஸ் சென்டர்ல வாங்குங்க. அது இல்லாம மூணு நாள் குலுங்கினா டிரம்மு ஆடி ஸ்பிரிங்கு கழண்டுரும்.

நாலுவழிச்சாலை:
வழியைப் பற்றிக் கொஞ்சம். ஜூனில் இங்கே மழை இருக்காது, தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுதான். வானத்தைப் பார்த்துவிட்டு ஒற்றைத் தார்ப்பாயோடு கிளம்புகிறவர்கள் கர்நாடகா எல்லை தாண்டியதும் மாட்டிக்கொள்கிறார்கள். பெலகாவியிலிருந்து கோலாப்பூர், சாத்தாரா வரை தென்மேற்குப் பருவமழை. இரண்டு தார்ப்பாய் போடுங்கள். பின்பக்கத்தை முதலில் விரித்து, கேபின் பக்கத்துப் பாய் அதன் மேல் ஓரடியாவது ஏறும்படி போட வேண்டும். மாற்றிப் போட்டால் ஓடுகிற காற்று மடிப்புக்குள் புகுந்து தூக்கிவிடும், தண்ணீர் நேராக உள்ளே இறங்கும். நடுவில் மெத்தையோ தலையணையோ வைத்து முதுகு மாதிரி உயர்த்திக் கட்டினால் தண்ணீர் தேங்காது.

கட்டும் வேலை பாம்பன் பாலத்துக்கு முன்னாலேயே முடிய வேண்டும். இரண்டேகால் கிலோமீட்டருக்கு மேல் கடல் மேல் போகிறீர்கள், காற்று இடது பக்கத்திலிருந்து அறையும். பாலத்தில் நிறுத்திக் கயிறு பார்க்கிற வேலை வேண்டாம். உச்சிப்புளியில் ஒருமுறை, ராமநாதபுரம் தாண்டி ஒருமுறை இறுக்குங்கள். சாமான் அமர்ந்து கயிறு தளர்வது முதல் ஐம்பது கிலோமீட்டரில்தான்.

ஒரே டிரைவர் என்றால் மூன்று நாள். விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பி மதுரை, சேலம் வழியாகக் கிருஷ்ணகிரியில் முதல் இரவு. ஓசூர் தாண்டி பெங்களூரு நகருக்குள் நுழையாமல், சுற்றிப் போகிற நைஸ் ரோடு பிடித்தால் தும்கூர் சாலையில் கொண்டுபோய் விடும். ஹூப்ளியில் இரண்டாவது இரவு. மூன்றாம் நாள் புனே. சேலம் தாண்டி வரும் தொப்பூர் கணவாய் உங்களுக்கு ஏற்றம், இன்ஜின் சூடு பார்த்தால் போதும். பயப்பட வேண்டிய இடம் கடைசியில் வருகிறது. சாத்தாரா தாண்டி கம்பாட்கி சுரங்கத்தை விட்டு இறங்கும் வளைவு, அப்புறம் காத்ரஜ் புதுச் சுரங்கத்திலிருந்து நவலே பாலம் வரை நீளும் சரிவு. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிற டிரைவர்கள் உண்டு. அப்போது இன்ஜின் பிடிமானம் போய்விடும், முழுப் பாரமும் பிரேக்கில் விழும், டிரம் சூடேறினால் மிதித்தும் நிற்காது. கேபினில் இருக்கப்போவது நீங்கள்தானே, மூன்றாவது கியரில் இறக்கச் சொல்லுங்கள்.

பயணம் ஜூலை கடைசி, ஆகஸ்டுக்குத் தள்ளிப்போனால் கோலாப்பூர் நிலவரம் விசாரித்துக் கிளம்புங்கள். 2019லும் 2021லும் பஞ்சகங்கை ஆற்று வெள்ளத்தில் நெடுஞ்சாலையே அடைபட்டது.

கடலோரவாசி:
இரண்டு பேருக்கும் நன்றி அண்ணே. டிரைவரோடு 14 அடி என்று முடிவு. கேஸ் சிலிண்டரையும் ஏற்றிவிடலாமா? செக்போஸ்ட்டில் காட்ட என்ன காகிதம் வேண்டும்? ஒரு புது டிவியும் இருக்கிறது, பெட்டி பிரிக்கவில்லை.

கணக்குப்பிள்ளை:
சிலிண்டர் ஏற்றக் கூடாது, காலி சிலிண்டரும் கூடாது. ஏஜென்சியில் சிலிண்டர், ரெகுலேட்டர் இரண்டையும் ஒப்படைத்தால் டெபாசிட் பணத்தைத் திருப்பித் தந்து வவுச்சர் கொடுப்பார்கள். புனேயில் அதைக் காட்டி இணைப்பு வாங்கலாம்.

பழகிய வீட்டுச் சாமானுக்கு இ-வே பில் (சரக்கு கொண்டுபோக எடுக்கும் ஜி.எஸ்.டி. சீட்டு) தேவையில்லை. ஜி.எஸ்.டி. விதி 138ன் இணைப்புப் பட்டியலிலேயே விலக்கு இருக்கிறது. ஆனாலும் சாமான் பட்டியல் ஒன்று எழுதி, ‘சொந்த உபயோகத்துப் பழைய பொருள், விற்பனைக்கு அல்ல’ என்று கையெழுத்திட்டு இரண்டு பிரதி, ஆதார் நகல், வேலை மாற்ற உத்தரவு நகல் எல்லாம் கேபினில் இருக்கட்டும். சீல் பிரிக்காத டிவி ‘பழகியது’ ஆகாது. பிரித்து ஒரு வாரம் ஓட்டிவிடுங்கள், பில்லையும் கையில் வையுங்கள்.

ஸ்கூட்டரின் ஆர்.சி., இன்சூரன்ஸ் நகல் வேண்டும். 12 மாதத்துக்கு மேல் மகாராஷ்டிராவில் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும். அதற்கான என்.ஓ.சி.யை (தடையில்லாச் சான்று), படிவம் 28, உங்கள் ஆர்.டி.ஓ.வில் கிளம்பும் முன்பே வாங்குவது சுலபம்.

லாரிக்காரரிடம் எல்.ஆர். (லாரி ரசீது) இல்லாமல் ஏற்றாதீர்கள். அதில் சாமான் மதிப்பு, மொத்த வாடகை, ஏற்று இறக்குக் கூலி யாருடையது, டோல் யாருடையது என்று நான்கும் எழுதியிருக்க வேண்டும். மதிப்பு எழுதாவிட்டால், சாமான் போனாலும் சேதமானாலும் சட்டப்படி அவர் பொறுப்பு வாடகையைப் போல் பத்து மடங்கோடு நிற்கும். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கேட்பவரை விட்டுவிடுங்கள். மலிவாகப் பேசி ஏற்றிக்கொண்டு, பாதி வழியில் ‘எடை கூடிவிட்டது’ என்று வண்டியை நிறுத்துகிற கூட்டம் ஆன்லைனில் நிறைய.

பாரவண்டி:
பிரிட்ஜை முந்தின நாளே நிறுத்தி ஐஸ் கரைச்சு, உள்ள துடைச்சிருங்க, இல்லைன்னா தண்ணி ஒழுகி பக்கத்து மெத்தை நாறும். புனேயில இறக்கினதும் பிளக்கைச் சொருகாதீங்க. நிமிர்ந்தே வந்திருந்தா நாலு மணி நேரம், எங்கயாவது படுக்க வச்சிருந்தா ஒரு முழு நாள் நிக்கட்டும். கம்ப்ரசர் ஆயில் திரும்பி இறங்கணும்.

கடலோரவாசி:
டிரான்சிட் போல்ட் கிடைத்துவிட்டது, தையல் மெஷின் டிராயரில். நான்கில் மூன்றுதான் இருக்கிறது, ஒன்றை வாங்க வேண்டும்.