மே மாத விடுமுறையில் க்ரூகரா, மாசாய் மாராவா?

செல்வி: வணக்கம். அடுத்த வருடம் நாங்கள் இருவரும், 11 வயது மகள், 5 வயது மகனோடு ஆப்பிரிக்கக் காடு பார்க்கப் போவதென்று முடிவு செய்திருக்கிறோம். ஊர் கோவை. பள்ளி விடுமுறை மே மாதம்தான். தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவில் வாடகைக் கார் எடுத்து நாமே ஓட்டிப் பார்க்கலாம் என்கிறார் கணவர். எனக்கோ கென்யாவின் மாசாய் மாராவில் வில்டபீஸ்ட் (மாடு போலிருக்கும் பெரிய மான் வகை) கூட்டம் ஆற்றைக் கடப்பதைப் பார்க்க ஆசை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மலைக்காகம்: செல்வி அக்கா, மே மாதம் என்றால் யோசிக்கவே வேண்டாம், க்ரூகர்தான். நீங்கள் ஆசைப்படும் ஆற்றுக் கடப்பு மே மாதத்தில் மாராவில் நடக்காது. மந்தைகள் அப்போது தான்சானியாவில், செரங்கெட்டிப் பூங்காவுக்குள் இருக்கும். மாரா ஆற்றுக்கு வருவது பொதுவாக ஜூலைக்குப் பிறகுதான், அக்டோபர் வரை. அதோடு ஏப்ரல், மே அங்கே பெருமழைக் காலம். மாராவில் பல இடங்களில் கரிசல் மண். மழையில் வண்டி புதைந்தால் என்ன ஆகும் என்று கோவில்பட்டிப் பக்கம் இருப்பவர்களைக் கேளுங்கள். க்ரூகரில் மே என்பது வறண்ட பருவத்தின் தொடக்கம். மழை நின்று, சிறு குட்டைகள் வற்ற ஆரம்பிக்கும். மிருகங்கள் ஆற்றோரம் வரும்.

நெடுவழி: எதிர்க்கருத்து. விடுமுறை மே மாதம் என்பதற்காக ஆப்பிரிக்காவையே மே மாதத்துக்கு வளைக்க வேண்டுமா? ஆகஸ்டில் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் லீவு போடுங்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மிருகங்கள் ஒரே வட்டப்பாதையில் வருடம் முழுக்க நடப்பதை, அதில் ஒரு பகுதி முதலைகள் இருக்கும் ஆற்றில் குதிப்பதை, 11 வயதில் பார்க்கும் பெண்ணுக்கு அந்த அனுபவத்தை எந்தப் பாடப்புத்தகமும் தராது. க்ரூகரில் தார் ரோட்டில் கார் ஓட்டுவதையும் இதையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

மலைக்காகம்: அண்ணா, ஆகஸ்டில் அந்த ஆற்றங்கரை எப்படி இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கரை முழுக்க வண்டிகள். மந்தை இறங்கும் வழியை வண்டிகள் மறித்துக்கொண்டு நின்றால் அது மிரண்டு திரும்பிவிடும். மணிக்கணக்கில் காத்திருந்தும் கடக்காமல் போகலாம். 5 வயதுப் பையன் வண்டிக்குள்ளேயே அவ்வளவு நேரம் உட்காருவானா? கட்டணத்தையும் பாருங்கள். 2024 முதல் மாரா காப்பகத்தில் வெளிநாட்டுப் பெரியவருக்கு ஒரு நாள் நுழைவுக் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலையிலிருந்து டிசம்பர் வரை 200 டாலர். கணவன், மனைவி இருவருக்கு மட்டும் ஒரு நாளைக்கு 400 டாலர். தங்குவதும் வண்டியும் தனி.

முத்துவேல்: நான் நைரோபியில் வேலை பார்க்கிறேன். இரண்டு பேரும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். ஆற்றுக் கடப்பு மட்டும்தான் மாரா என்பது தவறான எண்ணம். வில்டபீஸ்ட் போனாலும் சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி, சிவிங்கிப்புலி எல்லாம் வருடம் முழுக்க அங்கேயே இருக்கின்றன. மே மாதத்தில் புல்வெளி பச்சையாக, வண்டிகள் குறைவாக இருக்கும். மழையும் பெரும்பாலும் பிற்பகலில்தான். காலை நேரம் நம் கையில். நல்ல நான்கு சக்கர இழுவை வண்டியும் அந்த மண்ணை அறிந்த ஓட்டுநரும் இருந்தால் கரிசல் மண்ணுக்குப் பயப்பட வேண்டாம். காப்பகத்தை ஒட்டிய நபோய்ஷோ, மாரா நார்த் போன்ற தனிக் காப்பிடங்களையும் பாருங்கள். அங்கே நிலம் மாசாய் குடும்பங்களுடையது. குத்தகைப் பணம் அவர்களுக்குப் போகிறது. என்னைப் பொறுத்தவரை, காட்டை எப்படிப் பார்க்கிறோம் என்பதைவிட அந்தக் காட்டோடு வாழ்பவர்களுக்கு நம் பணத்தில் என்ன போகிறது என்பதுதான் முதல் கேள்வி.

மலைக்காகம்: அந்தக் கேள்வி நியாயம், முத்துவேல். ஆனால் க்ரூகருக்கும் அந்த வரலாறு உண்டு. பூங்காவின் வடகோடியில் பஃபூரிப் பக்கம் வாழ்ந்த மகுலேகே மக்களை 1969-ல் நிறவெறி அரசு வெளியேற்றியது. 1998-ல் நில உரிமை அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. அவர்கள் மறுபடி குடியேறாமல், அதைப் பூங்காவின் பகுதியாகவே வைத்துக்கொண்டு சுற்றுலா வருமானம் பெறுகிறார்கள். அங்கே தங்கினாலும் பணம் நிலத்துக்காரர்களுக்குத்தான்.

நெடுவழி: பஃபூரி வரை இரண்டு குழந்தைகளோடு யார் போவார்கள்? க்ரூகர் கிட்டத்தட்ட 20,000 சதுர கிலோமீட்டர். தார் சாலையில் 50, மண் சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது. தெற்கிலிருந்து வடகோடி போக நாள் கணக்காகும். இன்னொன்று: நாமே ஓட்டினால் கண்ணுக்குத் தெரிவது பாதிதான். மரக்கிளையில் படுத்திருக்கும் சிறுத்தையைப் பழகாத கண் கண்டுபிடிக்காது. வழிகாட்டி இம்பாலா மானின் எச்சரிக்கைக் குரலைக் கேட்டே வண்டியைத் திருப்புவார். பூங்கா நடத்தும் மாலை, இரவு உலா வண்டிகளில் 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை ஏற்றுவதில்லை. செல்வியின் மகனுக்கு 5. போகும்போதும் 6 ஆகவில்லை என்றால், அப்பா அம்மாவில் ஒருவர் அறையில் இருக்க வேண்டும். இதை ஏன் யாரும் சொல்லவில்லை?

மலைக்காகம்: சொல்ல வேண்டியதுதான். ஆனால் அதுவே சொந்தக் கார் வேண்டும் என்பதற்கும் காரணம். பையனுக்குப் பசித்தால் நிறுத்தலாம், தூங்கினால் முகாமுக்குத் திரும்பலாம். பலரோடு சேர்ந்து போகும் உலா வண்டியில் அது நடக்காது. நம்மைப் போலவே அங்கும் இடதுபக்க ஓட்டம்தான், சாதாரணக் கார் போதும். தெற்குப் பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்குகூசா முகாமிலிருந்து லோயர் சாபி முகாமுக்குப் போகும் சாலை சாபி ஆற்றை ஒட்டியே போகிறது. நாற்பத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான். அதற்கே அரை நாள் ஒதுக்குங்கள். லோயர் சாபி பக்கத்தில் சன்செட் அணை இருக்கிறது. கார் இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் நீர்யானையும் முதலையும் கண்ணெதிரே. அடுத்து சடாரா முகாம், சிங்கத்துக்குப் பேர்போன இடம். அனுமதித்த இடம் தவிர எங்கும் காரை விட்டு இறங்கக்கூடாது. யானை சாலையில் நின்றால் அது போகும்வரை தள்ளி நில்லுங்கள், குட்டியோடு இருந்தால் இன்னும் தள்ளி.

தாமரை: நடுவில் வருகிறேன், மருத்துவத் துறையில் இருப்பதால். கென்யா போனால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பு போட்டிருக்க வேண்டும். அது இல்லாமல் இந்தியா திரும்பினால் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்துவார்கள், 6 நாள் வரை. தென்னாப்பிரிக்கா மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் பட்டியலில் இல்லை. ஆனால் நைரோபி, ஆடிஸ் அபாபா வழியாக விமானம் மாறினால் இந்தக் கேள்வி திரும்ப வரும், டிக்கெட் போடுமுன் பாருங்கள். மலேரியா இரண்டு இடத்திலும் உண்டு. க்ரூகரில் மழைக்காலத்தைவிடக் குளிர்காலத்தில் ஆபத்து குறைவு, மே மாதத்தில் இன்னும் முழுதாகக் குறைந்திருக்காது. சின்னவனுக்கு மாத்திரை அளவு எடையைப் பொறுத்தது. மருத்துவரிடம் நேரில் போங்கள்.

முத்துவேல்: கென்யா முடிவானால் பெட்டியில் பிளாஸ்டிக் கேரி பேக் வைக்காதீர்கள், 2017 முதல் தடை.

செல்வி: எல்லோருக்கும் நன்றி. மே மாதத்தை மாற்ற முடியாது, மகளுக்கு ஆகஸ்டில் தேர்வு. கணவர் பக்கம் சாய்கிறேன்: மே கடைசி வாரம், ஸ்குகூசா, லோயர் சாபி, சடாரா. ஆனால் நெடுவழி அண்ணா சொன்ன வழிகாட்டி விஷயம் உறுத்துகிறது.

நெடுவழி: ஆகஸ்டை விட்டது எனக்கு வருத்தம்தான், அதில் மாற்றமில்லை. சரி, க்ரூகர் என்றால் முதல் நாள் மட்டும், பூங்காவைச் சேராத, உரிமம் பெற்ற வெளி வழிகாட்டி ஒருவரைத் தனி வண்டியோடு எடுங்கள். சின்னப் பையனை ஏற்றுவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எங்கே, எதைப் பார்ப்பது என்று அவர் காட்டிக் கொடுத்த பிறகு நீங்கள் ஓட்டுங்கள்.

மலைக்காகம்: இதில் நானும் உடன்படுகிறேன். முகாம் அறைகளை இப்போதே பாருங்கள் அக்கா, ஸ்குகூசாவும் லோயர் சாபியும் சீக்கிரம் நிரம்பிவிடும். விடியற்காலையில் நல்ல குளிர் இருக்கும். கம்பளி உடை மறக்க வேண்டாம்.